தொறு மீட்டுப் பட்டவனும் மேசை கேட்ட பெண்ணும்

சேலத்தில் பஸ் ஏறியதிலிருந்து அண்ணன் மகள் புத்தகத்தை விட்டு நிமிரவே இல்லை. தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோதும் சன்னல் பக்கம் திரும்பவில்லை. ஆன் ஃபிராங்கின் டைரி. இவளுக்கு 13 வயது. ஆனுக்கு அந்த நோட்டு கிடைத்ததும் 13-வது பிறந்தநாளில்தான், 1942 ஜூன் 12. அடுத்த மாதமே, நாஜிகளுக்குப் பயந்து, ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துப் பின்கட்டில் குடும்பமே ஒளிந்துகொண்டது.

நான் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்தது நடுகற்களைப் பார்க்க. ஒரு கல் முன்னால் வெகுநேரம் நின்றோம். ஒரு கையில் வில், மறு கையில் வாள். இந்தப் பக்கத்து நடுகற்கள் பலவும் சொல்லும் சேதி ஒன்றுதான்: இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டில், இன்னார் மகன், தொறு மீட்டுப் பட்டான். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான்.

"அவருக்கு என்ன வயசு அத்தை?"

கல்லில் அது இல்லை. முந்தின ராத்திரி அவன் பயந்தானா, யாரோடு சண்டை போட்டான், எதுவும் இல்லை. ஊர் அவனுக்காக எழுதியது அது, அந்த மரியாதை பெரிதுதான். ஆனால் அவன் குரல் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆனின் குரல் கிடைத்ததே, அதுவும் தானாக நடந்ததில்லை. 1944 மார்ச்சில் லண்டனிலிருந்து பேசிய டச்சு அமைச்சர் ஒருவர், போர் முடிந்ததும் மக்களின் கடிதங்களையும் டைரிகளையும் சேகரிப்போம் என்று சொன்னதை ரேடியோவில் கேட்டுவிட்டு, அந்தப் பெண் தன் டைரியை முதலிலிருந்து தனித்தாள்களில் திருத்தி எழுத உட்கார்ந்துவிட்டாள்! கடைசிப் பதிவு ஆகஸ்ட் 1. 4-ஆம் தேதி பிடித்துவிட்டார்கள். தரையில் சிதறிக் கிடந்த தாள்களை எடுத்து, படிக்காமலே மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தவர் மீப் கீஸ், அவர்கள் ஒளிந்திருக்க உதவிய அலுவலகப் பெண். ஆன் 15 வயதில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். 1947-ல் அப்பா புத்தகமாக்கினார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது, இவள் இன்னும் புத்தகத்தில். ஒரே அறையில் தங்கியிருந்த பல் டாக்டரிடம் எழுதுவதற்கு மேசை கேட்டு ஆன் சண்டை போடும் இடம்.

"குடுத்தாரா அத்தை?"

"அவ அப்பா போய்ப் பேசினார். வாரத்துல ரெண்டு நாள், சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் கிடைச்சுது."