விய வருஷத்துப் படி

2022 மே மாதம் எங்கள் கும்பகோணத்து வீட்டில் 13 பேர் இருந்தோம். இருப்பது ஒரே குளியலறை. விடியற்காலை நாலரைக்கு முதல் ஆள் எழுந்தால் கடைசி ஆள் குளித்து முடிக்கும்போது மணி ஒன்பதாகிவிடும். கிரைண்டர் நாள் தவறாமல் ஓடியது. மொட்டை மாடியில் பகலில் வடாம் காய்ந்தது, ராத்திரி பாயும் தலையணையுமாகப் பிள்ளைகள் படுத்தார்கள். சென்னையிலிருந்து என் தம்பி குடும்பம், திருச்சியிலிருந்து நாத்தனார், பெங்களூரிலிருந்து அத்தையும் அத்தானும் அவர் மனைவியும் மகளும். கொரோனாவினால் இரண்டு கோடைகள் யாரும் வராமல் வீடு மூச்சுவிடாமல் கிடந்தது. அந்த வருஷம் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி வந்து இறங்கினார்கள். பள்ளிக்கூடமும் மே பாதியில்தான் விட்டார்கள், அக்கினி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த நேரம்.

அத்தை என்றால் என் அப்பாவின் ஒரே தங்கை. அப்பா 2020 ஆடியில் காலமானபோது அத்தையால் வர முடியவில்லை. மாநிலம் தாண்ட இ-பாஸ் வேண்டும், வயது 74, வீட்டில் விடவில்லை. கூடப்பிறந்த அண்ணனின் கடைசி யாத்திரையை அத்தை போனில்தான் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து இப்போது வாசலில் இறங்கியதும், உள்ளே வராமல் திண்ணையில் அப்பா உட்காரும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. நான் காப்பி கலந்து டபராவில் கொண்டுபோய் வைத்தேன். குடித்துவிட்டு, "சுவாமிமலைக்கு ஒரு நாள் கூட்டிண்டு போம்மா" என்றார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

சுவாமிமலை எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் 13 பேர் இருக்கும் வீட்டில் எதுவும் அப்படி உடனே நடக்காது. ஒரு நாள் ஒருத்தருக்கு வயிற்றுவலி, ஒரு நாள் நாத்தனாருக்கு ஜவுளிக்கடை. பிள்ளைகளுக்கு நுங்கு வேண்டும், பிறகு மகாமகக் குளம் பார்க்க வேண்டும். குளத்தைச் சுற்றி இருக்கும் 16 மண்டபங்களையும் எண்ணி முடிக்காமல் சின்னவன் வர மாட்டேன் என்றான். 2016 மகாமகத்தில் தன் அம்மா இடுப்பில் இருந்தவன் அவன். அடுத்தது 2028இல். அப்போது மீசை அரும்பியிருக்கும்.

இந்த ஊரில் இருக்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோயில் எங்கே போய்விடப் போகிறது என்று நாளைத் தள்ளிக்கொண்டே போவோம். கும்பேஸ்வரர் கோயில் வாசலைத் தாண்டித்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன், கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவேன். சொந்தக்காரர்கள் வந்தால்தான் உள்ளே போய் நிதானமாக நிற்கிறேன். அந்த விதத்தில் அவர்கள் வருவது எனக்குச் சாமி கொடுக்கிற விடுமுறை.

கடைசியில் ஒரு வேன் பேசி, ஒரே நாளில் மூன்று கோயில் என்று முடிவு செய்தோம். காலையில் பட்டீஸ்வரம், அப்புறம் தாராசுரம். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதால் வீட்டுக்கு வந்து சாப்பாடு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சுவாமிமலை. அத்தை கேட்ட இடத்துக்கு அவசரமில்லாமல் போக வேண்டும் என்றுதான் அதைக் கடைசியில் வைத்தேன்.

பட்டீஸ்வரத்துக்கு எல்லாரும் துர்க்கைக்காகத்தான் வருகிறார்கள். நாங்களும் எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிவிட்டுத்தான் உள்ளே போனோம். ஆனால் கோடையில் இந்தக் கோயிலுக்கு வந்தால் எனக்கு நினைவு வருவது ஞானசம்பந்தர். சின்னப் பிள்ளை, அடியார்களோடு வேகாத வெயிலில் நடந்து வருகிறார். பார்த்துக்கொண்டிருந்த தேனுபுரீஸ்வரருக்குப் பொறுக்கவில்லை. பூதகணங்களை அனுப்பி முத்துப்பந்தல் பிடிக்கச் சொல்கிறார். அந்தப் பந்தல் நிழலில் பிள்ளை வரும் அழகைத் தானும் பார்க்க வேண்டும் என்று நந்தியை விலகியிருக்கச் சொல்கிறார். இன்றைக்கும் நந்தி சற்று விலகித்தான் இருக்கிறது. ஆனி மாதம் முத்துப்பந்தல் உற்சவம் நடக்கிறது. பிரகாரத்துக் கல் காலைச் சுட்டபோது பிள்ளைகள் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடினார்கள். அத்தை தன் முந்தானையைச் சின்னவன் தலைமேல் பிடித்தபடி பின்னாலேயே நடந்தார். அவருக்கே முழங்கால் வலி.

தாராசுரத்தில் பிள்ளைகளை இழுத்து வருவதுதான் பெரும்பாடு. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் தஞ்சைப் பெரிய கோயிலோடு இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்தது. ஆனால் பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு? சக்கரமும் குதிரையும் பூட்டிய கல்தேர் மண்டபத்தைக் கண்டதும் ஓடிவிட்டார்கள். ஒரே தலையில் யானையும் காளையும் இருக்கும் சிற்பம் ஒன்று இங்கே உண்டு. ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. அத்தானின் மகள் அதை மூன்று முறை மறைத்து மறைத்துப் பார்த்தாள். அறுபத்துமூவர் கதைகளைச் சின்னச் சின்னக் கல்லில் செதுக்கியிருக்கும் சுவர்ப்பக்கம் நான் நின்றுவிட்டேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம் இருந்தால் அதிகம். அதற்குள் ஒரு நாயனாரின் வாழ்க்கையே அடங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவர்களுக்கு இவ்வளவு சின்ன இடத்திலும் பக்தி குறையவில்லை.

சாமிக்கு ஐராவதேஸ்வரர் என்று ஏன் பெயர் என்று சின்னவன் கேட்டான். துர்வாசர் சாபத்தால் நிறம் போன வெள்ளை யானை ஐராவதம் இங்கே வந்து வணங்கித் தன் வெண்மையைத் திரும்பப் பெற்றது என்று அத்தை சொன்னார். "அந்த யானை இப்போ எங்க?" என்றான். "சாயங்காலம் காட்டறேன்" என்றார் அத்தை.

ஐந்து மணிக்குச் சுவாமிமலை போய்ச் சேர்ந்தோம். வழியில் ஸ்தபதிகளின் பட்டறைகள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். சோழர் காலத்து முறை இன்னும் அந்தத் தெருக்களில் உயிரோடு இருக்கிறது. நேரமில்லாததால் வேனிலிருந்தே பார்த்தோம்.

மலையே இல்லாத காவிரிப் படுகையில் முருகனுக்காகக் கட்டிய மலை இது, கட்டுமலை. அறுபடை வீடுகளில் நான்காவது. கீழே மீனாட்சி சுந்தரேஸ்வரர், மேலே பிள்ளை. தகப்பனுக்குப் பிரணவத்தின் பொருளைச் சொன்ன பிள்ளை என்பதால், அப்பா கீழே இருக்க மகன் மேலே நிற்கிறான். ஏறிப்போக 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷங்கள் அறுபதும் ஆளுக்கொரு படியாக நிற்கின்றன. வருஷத்தின் அதிதேவதைகளே படியாக நிற்பதாகச் சொல்வார்கள். படிகளுக்கே பூஜை நடக்கும் கோயில்.

பிள்ளைகள் அவரவர் வருஷத்தைத் தேடிக் கிளம்பினார்கள். நான்தான் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சித்திரைக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு முந்தின வருஷம் என்பதால் ஒரே சண்டை. என் மகன் நந்தன, சின்னவன் ஜய, நான் ஆனந்த. என் கணவர் தான் பிறந்த 'சாதாரண' வருஷத்துப் படியைக் கண்டுபிடித்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அத்தை ஒரு படிக்கு ஒரு படி நின்று நின்று வந்தார். கைப்பிடியை ஒரு கையும் என் தோளை ஒரு கையும் பிடித்திருந்தன. தூக்கிக்கொண்டு போகிறோம் என்று தம்பி கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். பேத்தி முன்னால் நின்று படிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு முடித்திருந்த பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பிரமோதூத, பிரசோற்பத்தி எல்லாம் அவளுக்கு மலையேற்றமாகத்தான் இருந்தது. ஒரு படியில் குனிந்து, "வி... ய... விய!" என்று ஒரே மூச்சில் படித்துவிட்டாள். இரண்டே எழுத்து.

"அது உன் வருஷம்தான் கண்ணு" என்றார் அத்தை. "2006 ஆவணியில பிறந்தே. விய வருஷம்."

அவள் சந்தோஷமாக அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டாள். "பாட்டி, உங்க படி எது?"

"தள்ளி உட்காரு" என்றார் அத்தை.

அத்தை 1946 ஆடியில் பிறந்தவர். அதுவும் விய. 60 வருஷச் சக்கரம் முழுசாக ஒரு சுற்று வந்து, பாட்டியையும் பேத்தியையும் ஒரே கல்லில் உட்காரவைத்திருந்தது. ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்போது அத்தை மெதுவாகச் சொன்னார்: "உங்க தாத்தா இருந்திருந்தா அறுபதாம் கல்யாணம் பண்ணிண்டிருப்பார். அவர் முன்னாடியே போய்ட்டார். எனக்கு அறுபது ஆனப்போ விசேஷம்னு ஒண்ணும் இல்ல. அந்த ஆவணியில நீ வந்தே. அதுதான் எனக்கு விசேஷம்."

பேத்திக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாட்டியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்பாவின் அறுபதாம் கல்யாணம் நினைவுக்கு வந்தது. 2002இல் திருக்கடையூரில் நடந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் நின்று ஓடியாடி வேலை பார்த்தது அத்தைதான். தனக்கு அப்படி ஒரு நாள் கிடைக்காது என்று அப்போதே தெரிந்திருக்குமே. முகத்தில் ஒரு துளி காட்டவில்லை.

அப்பா சித்திரபானு வருஷம். அண்ணன் படிக்கும் தங்கை படிக்கும் நாலே படி இடைவெளி. அத்தை அதைத் தேடவில்லை, தெரிந்தே வைத்திருந்தார். தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு கண்ணி கிள்ளி அண்ணன் படியின் ஓரத்தில் வைத்தார். இரண்டு வருஷமாக உள்ளே அடக்கி வைத்திருந்தது அங்கேதான் வெளியே வந்தது. நான் அவரைத் தடுக்கவில்லை. பின்னால் வந்த யாரோ ஒரு அம்மா எங்களைச் சுற்றிக்கொண்டு அமைதியாக ஏறிப்போனார்.

மேலே போனதும் சின்னவன் சட்டென்று நின்றுவிட்டான். முருகன் சந்நிதிக்கு எதிரே மயில் இல்லை. யானை. இந்திரன் தன் ஐராவதத்தையே இங்கே முருகனுக்குக் கொடுத்தான் என்பது இத்தலத்து ஐதீகம். "காலையில கேட்டியே, இதோ" என்றார் அத்தை. அவன் அந்த யானையை ஏற இறங்கப் பார்த்து, "வெள்ளையா இல்லையே" என்றான். "மனசுல வெள்ளை" என்றார் அத்தை. அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

விபூதி அபிஷேகம் நடந்து அலங்காரம் ஆகிக்கொண்டிருந்தது. பீடம் லிங்கத்தின் ஆவுடையார், மேலே நிற்கும் முருகனே அந்த லிங்கத்தின் பாணம். சிவனும் குமரனும் வேறல்ல என்று பார்த்தவுடனே புரிகிற மாதிரி ஒரு வடிவம். திருநீற்றில் பார்த்தால் முதிர்ந்த முனிவர், சந்தனத்தில் பார்த்தால் பாலகன் என்பார்கள். நாங்கள் கண்டது திருநீற்றில். திரை விலகி தீபாராதனை காட்டியபோது, அத்தை என் கையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைமேல் குவித்தார். பிடிமானம் இல்லாமல் நின்றார். முழங்கால் வலிக்காரருக்கு அத்தனை நேரம் நிற்க எங்கிருந்து பலம் வந்ததோ. நான் அன்றைக்கு எனக்காக எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டத் தோன்றவும் இல்லை.

மறுநாளிலிருந்து வீடு பழைய இரைச்சலுக்குத் திரும்பியது. ஒப்பிலியப்பன் கோயிலுக்கும் போனோம். உப்பில்லாத பிரசாதம் வாங்கி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் அத்தை நிம்மதியாக இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நாத்தனார் குடும்பம் கிளம்பியது, தம்பி கிளம்பினான்.

அத்தைக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. காவிரியில் தண்ணீர் இல்லை. மே மாதம் காவிரி என்றால் மணல்தான். வழக்கமாக ஜூன் 12இல்தான் மேட்டூர் திறப்பார்கள். அந்த வருஷம் அணை நிரம்பிவந்ததால் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். செய்தியைக் கேட்டதும் அத்தை அத்தானிடம் டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னார். அவர் ஒன்றும் கேட்காமல் மாற்றினார்.

தண்ணீர் வந்த அன்று சாயங்காலம் படித்துறைக்குப் போனோம். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, மண் நிறத்தில், சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. பேத்தி, "எங்க ஊர்ப் பக்கத்துலேருந்து வர்ற தண்ணி" என்றாள். அத்தை கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தார். இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு கை தண்ணீரை ஆற்றிலேயே விட்டார். பிறகு பித்தளைச் சொம்பில் மொண்டுகொண்டார். ராத்திரி முழுக்க அதைப் பூஜை அறையில் வைத்திருந்தோம். காலையில் கலங்கல் அடியில் தங்கியிருந்தது. தெளிந்ததை மட்டும் ஒரு பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு, அன்று சாயங்காலம் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினார்.