கெய்ராங்கரில் ஒரு விடியல்

நார்வேயின் மேற்குக் கரையோரம் சொகுசுக் கப்பலில் கழித்த வாரத்தில், ஓயாத விருந்தும் வெந்நீர்க் குளமும் இரண்டாம் நாளே எனக்குச் சலித்துவிட்டன. சலிக்காதது மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பி மட்டுமே. ஜூன் மாதத்தில் அங்கே இரவு முழுதாக இருட்டுவதில்லை என்பதால், கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்த அதிகாலையிலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கு போய் நின்றேன்.

பனியாறுகள் குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உருவான இந்நீர்வழி, சுமார் 15 கிலோமீட்டர் நீளமுடையது. 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கரையில் ‘ஏழு சகோதரிகள்’ அருவி இழையிழையாக இறங்க, எதிர்க்கரையில் அவர்களைப் பெண் கேட்டு நிற்பவனைப்போல ‘மணம் கேட்பவன்’ என்னும் அருவி தனியே விழுகிறது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஸ்காகஃப்ளோ என்னும் பழைய பண்ணை வீடு தெரிந்தது. வரி தண்டுபவர் வந்தால் அங்கிருந்தோர் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். (சாமர்த்தியசாலிகள்!)

ஆனால் எங்கள் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய சாம்பல்நிறப் புகை, காற்றில்லாத அப்பள்ளத்தில் கலையாமல் பாறையோரம் தொங்கியதைக் கண்டபோது, கையிலிருந்த காப்பி கசந்தது. மரபு ஃபியோர்டுகளில் பெரிய பயணிகள் கப்பல்களும் 2032 முதல் புகையின்றியே வர வேண்டும் என்று நார்வே விதித்திருப்பது, என் பார்வையில், தாமதமான நியாயம்.