யாழ்ப்பாணத்தில் இருந்தபடி லண்டனில் ஒரு லிமிடெட் கம்பனி

நாங்கள் விற்பது பனையோலைச் சாமான்கள். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், அதோடு இப்போது வெளிநாட்டில் விரும்பிக் கேட்கிற சின்னக் கைப்பைகள். பின்னுகிறவர்கள் வடமராட்சிப் பக்கத்துப் பெண்கள். ஓடரும் கணக்கும் நான் கொக்குவிலில் இருந்து பார்க்கிறேன், லண்டனில் பெட்டிகளைப் பொறுப்பெடுத்து ஆட்களுக்கு அனுப்புவது பெரியம்மாவின் மகள், என் அக்கா. இவ்வளவு காலமும் காசு அக்காவின் சொந்தக் கணக்குக்குத்தான் வந்தது. அங்குள்ள இரண்டு கடைக்காரர்கள் "தொடர்ந்து எடுக்கிறோம், ஆனால் கம்பனிப் பெயரில் இன்வொய்ஸ் தாருங்கள்" என்று கேட்ட பிறகுதான், சரி, லிமிடெட் கம்பனியாகவே பதிந்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். வாங்குகிறவர்கள் அங்கே இருப்பதால் பதிவும் அங்கேதான் என்பதில் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

இணையத்தில் தேடினால் கம்பனி பதிந்து தரும் சேவைகள் வரிசையாக வரும். சில "இலவசம்" என்றே போட்டிருக்கும். அந்த இலவசம் எப்படி என்று பார்த்தால், தங்களோடு தொடர்புள்ள ஒரு வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், வங்கி அவர்களுக்குக் காசு கொடுக்கும். அதில் பிழை ஒன்றும் இல்லை, தெரிந்துகொண்டு எடுத்தால் சரி. அரசாங்கக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதான். அங்கே கம்பனிகளைப் பதிகிற அரசாங்க அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸில் இணையவழிப் பதிவுக்கு முன்பு 12 பவுண், 2024 மே 1 முதல் 50 பவுண், 2026 பெப்ரவரி 1 முதல் 100 பவுண். நாங்கள் பதிந்தது 50 பவுண் இருந்த காலத்தில். நேரடியாக அரசாங்கத் தளத்திலும் நீங்களே பதியலாம், அதே காசுதான், படிவமும் அவ்வளவு கஷ்டமில்லை. அப்படியென்றால் சேவைக்காரருக்கு எதற்குக் காசு என்று அக்கா முதலில் கேட்டா. எங்களுக்கு அது தேவைப்பட்டது இரண்டு விஷயத்துக்கு: முகவரி, என்னுடைய அடையாளச் சரிபார்ப்பு.

இந்த அடையாளச் சரிபார்ப்பைத்தான் இங்கிருந்து செய்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 18 முதல் புதிதாகப் பணிப்பாளராகச் சேருகிற ஒவ்வொருவரும் தான் யார் என்பதை உறுதிப்படுத்தி, 11 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தனிக் குறியீட்டை எடுத்துவைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் பதிவு நகராது. அக்காவிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது, போனை அதன்மேல் வைத்து, முகத்தைக் காட்டி, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டா. அந்த ஆப் கடவுச்சீட்டுக்குள் இருக்கும் சிப்பை வாசிக்கிறது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் சரிதான், ஆனால் சிப் இருக்க வேண்டும். என்னுடைய இலங்கைக் கடவுச்சீட்டில் சிப் இல்லை. தபாலகத்துக்கு நேரில் போய்க் காட்டுகிற வழியும் உண்டு, அது அந்த நாட்டுத் தபாலகம். மிச்சமிருக்கிற வழி, கம்பனீஸ் ஹவுஸ் அங்கீகரித்த முகவர் ஒருவர் உங்களைச் சரிபார்த்து அறிவிப்பது. பதிவுச் சேவைகள் சில இந்த அங்கீகாரத்தை வைத்திருக்கின்றன, எல்லாம் இல்லை. அதனால் விலையைப் பார்க்க முன்னம் "இலங்கைக் கடவுச்சீட்டோடு, இலங்கையில் வசிக்கிற ஒருவரை நீங்களே சரிபார்ப்பீர்களா, அதற்கு எவ்வளவு" என்று எழுதிக் கேளுங்கள். நாங்கள் எழுதிக் கேட்டோம். மழுப்பிப் பதில் தந்த இடங்களை விட்டுவிட்டு, ஆம் என்று தொகையோடு சொன்ன இடத்தை எடுத்தோம். சரிபார்த்து முடிந்ததும் குறியீடு மின்னஞ்சலில் வந்தது.

அடுத்தது பங்கு. நான் பணிப்பாளர், ஆனால் பங்கு என் பெயரில் இல்லை, முழுப் பங்கும் அக்காவின் பெயரில். காரணம் இங்கே உள்ள சட்டம். இலங்கையில் வசிக்கிற ஒருவர் வெளிநாட்டுக் கம்பனியில் பங்கு எடுப்பது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள் வருகிறது, அதற்கென்று வங்கியில் தனியாக முதலீட்டுக் கணக்கு ஒன்று திறந்து அதன் வழியாகத்தான் காசு போக வேண்டும். ஒரு பவுண் பங்குதானே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை. பதிவுச் சேவைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், அவர்களுடைய வேலை அந்த நாட்டுப் படிவத்தை நிரப்புவது. நாங்கள் யாழ்ப்பாணத்திலேயே ஒரு கணக்காளரிடம் போய் இருந்து கதைத்துவிட்டுத்தான் இப்படிப் பிரித்தோம்: அங்குள்ள கம்பனி அக்காவுடையது, இங்கே பின்னி அனுப்புகிற எங்கள் வியாபாரம் அந்தக் கம்பனிக்குச் சாமான் விற்கிறது, காசு முறையாக வங்கி வழியாக இங்கே வருகிறது. எனக்கு இது நிம்மதியான ஏற்பாடு. உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம், பங்கை எழுத முதல் ஒருவரிடம் கேளுங்கள்.

பெயர் விஷயத்தில் எங்களுக்கு ஒரு ஆசை இருந்தது. பெண்கள் சேர்ந்து செய்கிற வேலை என்பதால் "கோ-ஒப்பரேட்டிவ்" என்ற சொல் பெயரில் வரவேண்டும் என்று நினைத்தோம். அது தனி அனுமதி கேட்கிற சொற்களின் பட்டியலில் இருக்கிறது, "ரோயல்" போன்ற சொற்களும் அதே பட்டியலில்தான். நினைத்தபடி வைக்க முடியாது. அந்தச் சொல் சட்டப்படி ஒரு பொறுப்பைக் குறிக்கிறபோது சும்மா பெயருக்குப் போடுவதும் சரியில்லை என்று பட்டதால் விட்டுவிட்டோம்.

மிச்சப் படிவம் விரைவாக முடியும். என்ன தொழில் என்பதற்கு ஐந்து இலக்கக் குறி ஒன்று கேட்பார்கள், இணையவழிச் சில்லறை விற்பனைக்கு 47910. கம்பனியின் விதிகளுக்கு அரசாங்கத்தின் மாதிரி விதிகளையே எடுத்தோம், எங்களைப் போலச் சின்னக் கம்பனிக்கு அது தாராளம். பணிப்பாளரின் வீட்டு முகவரி பொதுப் பதிவேட்டில் தெரியாது, தொடர்பு முகவரி என்று கொடுப்பது தெரியும். பிறந்த மாதமும் ஆண்டும் தெரியும், நாள் தெரியாது. அனுப்பிய அடுத்த நாளே சான்றிதழ் பிடிஎஃப் ஆக வந்துவிட்டது. பின்னுகிற அக்காமார் எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன், எங்கள் பெயரோடு ஒரு கம்பனி இலக்கம் என்பது அவர்களுக்கும் பெரிய சந்தோசம்.

இனி முகவரிக்கு வருகிறேன், காசு வருடா வருடம் போகிற இடம் அதுதான். பதிவு அலுவலக முகவரி அந்த நாட்டுக்குள் இருக்க வேண்டும், இங்கிலாந்தில் பதிந்தால் இங்கிலாந்து அல்லது வேல்ஸுக்குள். 2024 மார்ச் 4க்குப் பிறகு வெறும் தபால்பெட்டி இலக்கத்தைக் கொடுக்க முடியாது, கடிதம் கொடுத்தால் ஒருவர் பொறுப்பாக வாங்குகிற இடமாக இருக்க வேண்டும். அக்கா இருப்பது வாடகை வீடு, அந்த முகவரியை யாரும் பார்க்கிற பதிவேட்டில் போட அவவுக்கும் விருப்பமில்லை, வீட்டுக்காரருக்கும் விருப்பமில்லை. ஆகவே சேவைக்காரரின் லண்டன் முகவரி. இங்கேதான் சேவைக்காரர்கள் விலை போட்டுத் தருகிற சேவைப் பொதிகளை எழுத்தெண்ணி வாசிக்க வேண்டும். ஒரு பொதியில் முதல் வருடம் மிக மலிவு, இரண்டாம் வருடத் தொகை கீழே சின்ன எழுத்தில். இன்னொன்றில் அரசாங்கக் கடிதம் மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், வங்கிக் கடிதம், வாடிக்கையாளர் கடிதம் வந்தால் கடிதத்துக்குக் கடிதம் காசு. கம்பனியின் விவரங்களை இணையத்தில் மாற்றத் தேவையான கம்பனீஸ் ஹவுஸின் அங்கீகாரக் குறியீடும் (முன்பு சொன்ன ஆளுக்கான குறியீடு வேறு), வரித் திணைக்களமான எச்எம்ஆர்சியின் வரி இலக்கமும் தபாலில் அந்த முகவரிக்குத்தான் வரும். அது கைக்கு வராவிட்டால் அடுத்த வேலை ஒன்றும் நடக்காது. நாங்கள் எல்லாக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து தருகிற, இரண்டாம் வருடத் தொகையை முகப்பிலேயே போட்டிருந்த சேவையை எடுத்தோம். புதுக் கம்பனி என்றவுடன் அரசாங்கக் கடிதம் போலவே அச்சடித்துக் காசு கேட்டு வருகிற கடிதங்களும் உண்டு, அக்காவுக்கும் வந்தது. எதற்கும் கட்ட முதல் கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் பாருங்கள்.

வங்கிக் கணக்குத்தான் இழுபட்டது. அக்கா அங்கே வசிப்பதால் கணக்குத் திறக்கலாம் என்றார்கள், ஆனால் இரண்டாவது பணிப்பாளர் இலங்கையில் என்றவுடன் என் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். எங்கள் வீட்டு மின்பட்டியல் அப்பாவின் பெயரில், தண்ணீர்ப் பட்டியலும் அப்படியே. இங்கே எத்தனை வீட்டில் பிள்ளையின் பெயரில் பட்டியல் வரும்! கிராம அலுவலர் சான்றிதழை அனுப்பினால் அவர்களுடைய முறைமைக்கு அது விளங்கவில்லை. கடைசியில் என் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கிற வங்கிக் கூற்றை, கிளையில் முத்திரை குத்தி வாங்கி அனுப்பினேன், அது சரிவந்தது. அதைப் பதிவுக்கு முன்னமே எடுத்து வைத்திருப்பது நல்லது. அவர்கள் பகல் வேளையில் கேள்வி அனுப்புவார்கள், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியால வித்தியாசம், இங்கே வங்கி பூட்டியிருக்கும்.

அப்புறம் திகதிகள். வியாபாரம் தொடங்கி மூன்று மாதத்துக்குள் கம்பனி வரிக்குப் பதிய வேண்டும். 50,000 பவுண் வரையான இலாபத்துக்கு வரி 19 வீதம். விற்பனை 90,000 பவுணைத் தாண்டினால்தான் வற் (பெறுமதி சேர் வரி) பதிவு கட்டாயம், நாங்கள் அதற்குக் கிட்டவும் இல்லை. முதல் கணக்கறிக்கை பதிந்த நாளிலிருந்து 21 மாதத்துக்குள், பிந்தினால் ஒரு மாதத்துக்குள்ளேயே 150 பவுண் தண்டம், ஆறு மாதம் தாண்டினால் 1,500. வருடம் ஒருமுறை விவரங்களை உறுதிப்படுத்துகிற அறிக்கை வேறு. சாமான் இறக்குமதி செய்கிறபடியால் அக்கா இறக்குமதியாளர் இலக்கமும் எடுத்தா, அதற்குக் காசில்லை.

முகவரிச் சேவையை இடையில் மாற்ற நினைத்தால் ஒழுங்கு முக்கியம். முதலில் புது முகவரியைக் கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் ஏற்றுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அது பதிவேட்டில் மாறியதைப் பார்த்த பிறகு பழைய சேவையை நிறுத்துங்கள். காசு கட்டாமல் விட்டால் முகவரிக்காரர் முறைப்பாடு செய்யலாம், அப்போது கம்பனியின் முகவரியைக் கம்பனீஸ் ஹவுஸ் தன்னுடைய தற்காலிக முகவரிக்கு மாற்றிவிடும், சொன்ன காலத்துக்குள் சரியான முகவரி கொடுக்காவிட்டால் கம்பனியே பதிவேட்டில் இருந்து நீக்கப்படும்.