விலை பேசாதவர்கள்

நாங்கள் ஓசூருக்குக் குடிபோகிறோம் என்ற சேதி பரவியதும் ஊர் முதலில் விலை கேட்டது எங்கள் பீரோவைத்தான். என் கல்யாணச் சீரில் வந்த பீரோ, கதவில் ஆளுயரக் கண்ணாடி. மேல வீதிப் பெரியம்மா வந்து கதவை மூன்று தரம் திறந்து மூடினார். பூட்டு சரியில்லை என்றார், கண்ணாடியில் கறை என்றார், அப்புறம் நான் சொன்னதில் பாதிக்குக் கேட்டார். நான் முறைத்தேன், அவர் சிரித்தார். டீ வைத்துக் கொடுத்தேன். நாளைக்கு வருகிறேன் என்று போனார். இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் பக்கம். பெயர் வேண்டாம், இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் உறம்பரையாக, சொந்தக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

ஊரில் யாரும் ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. தறி வைத்திருக்கிறவர்களிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது கூலித்தறி, அதாவது கூலிக்கு ஓட்டுகிற விசைத்தறி. ஜவுளி உற்பத்தியாளர் நீளவாக்கில் ஓடுகிற பாவும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலும் கொடுப்பார், நாங்கள் சாயம் போடாத காடாத் துணியாக நெய்து கொடுத்துவிட்டு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவோம். கரண்ட் பில், உதிரி பாகம், ஆள் கூலி எல்லாம் எங்கள் தலையில். 2014-ல் பேசிய கூலிக்கு அப்புறம் உருப்படியாக எதுவும் ஏறவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடினோம். அந்த வருஷமே செப்டம்பரில் மின்கட்டணம் ஏறியது. 2023-ல் இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்று இருந்ததை 1000 யூனிட் ஆக்கினார்கள். உதவிதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரியும் பகலும் எட்டுத் தறி ஓடுகிற குடோனுக்கு அது எந்த மூலைக்கு? பையன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அவன் அப்பாவுக்கும் மெயின்டனன்ஸில் ஒரு வேலை சொல்லி வைத்தான். தறி ஃபிட்டருக்கு எந்த மிஷினும் புதுசில்லை. பாப்பாவுக்கு பிளஸ் டூ பரீட்சையும் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் கதை.

வீட்டை விற்கவில்லை. பக்கத்து நூல் மில்லில் வேலை செய்கிற ஒடிசாக் குடும்பம் ஒன்று வாடகைக்கு வருகிறது. குடோனை பனியன் வேஸ்ட் வியாபாரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆனால் குடோன் காலியாக வேண்டுமே.

தறியைத் தறியாக வாங்க ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் ஏற்கெனவே கிலோ கணக்கில் போட்டுவிட்டார்கள். நாங்களும் பழைய இரும்புக் கடைக்காரரைத்தான் கூப்பிட்டோம். அவர் வந்து தறியைச் சுற்றி நடந்தார். வார்ப்பிரும்பு தனி விலை, மற்ற இரும்பு தனி விலை, மோட்டாரில் இருக்கிற செம்புக்குத் தனி விலை. எங்கள் வீட்டுக்காரர் மத்தியானம் வரைக்கும் பேசினார். கிலோவுக்கு ஐம்பது காசு ஏற்றிக் கேட்டு, அது கிடைத்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார், சத்தியமாக.

கழற்ற வந்த பையன்கள் கேஸ் கட்டர் கொண்டு வந்திருந்தார்கள். இவர் விடவில்லை. "நட்டைத் திருகிக் கழற்றுங்க தம்பி, நான் ஸ்பானர் தர்றேன்." ஒரு பையன் சொன்னான்: "ஏனுங்ணா, உருக்கப் போற இரும்புக்கு எதுக்குங்க ஸ்பானர்?" அதற்கு இவரிடம் பதில் இல்லை. ஆனாலும் முதல் தறியை முழுக்க இவரே கழற்றினார். நாடாப்பெட்டி, பாவு பீம், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்தார். இரண்டாவது தறிக்குக் கை ஓய்ந்து போனது, கட்டரைப் பற்ற வைக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்பு சாப்பிட்டார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் உட்கார்ந்து தார் போட்ட, அதாவது ஊடை நூலைக் கட்டையில் சுற்றின மிஷினும் அந்த வண்டியிலேயே போனது. அதை விற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது தின்ற என் இடுப்புக்கு யார் விலை தருவார்கள்?

மற்ற சாமான்களை பாப்பா படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். என்ன போகும், என்ன போகாது என்று எனக்கு இருந்த கணக்கு எல்லாம் தப்பு. டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி கால் மணி நேரத்தில் போனது. தார் சுமந்து, தவிட்டு மூட்டை சுமந்து, எங்கள் அத்தையையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்த வண்டி, சீட் கிழிந்தது, அதற்கு நாலு பேர் போட்டி. கயிற்றுக் கட்டிலுக்கும் போட்டி. அரசாங்கம் விலையில்லாமல் கொடுத்த அம்மா படம் ஒட்டிய மிக்ஸியைத்தான் யாரும் சீண்டவில்லை, எல்லார் வீட்டிலும் அதே மிக்ஸி அதே மாதிரி பரணில் கிடக்கிறது. பித்தளை அண்டா, சருவம் எல்லாம் அவிநாசியில் ஒரு பாத்திரக் கடைக்குக் கொண்டு போனோம். எடை போட்டு, அதில் கழிவு என்று ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்துக்குப் பழைய விலை. அண்டாவின் கழுத்தில் மாமனார் பெயர் வெட்டியிருந்தது. அந்தப் பெயருக்கும் சேர்த்து எடை போட்டார்கள் என்று அத்தை சொல்லிச் சிரித்தார்.

ஆட்டாங்கல்லுக்குக் கோயம்புத்தூரில் இருந்து காரில் ஒரு தம்பதி வந்தார்கள். தோட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பூப்போட வேண்டுமாம். நல்ல விலைதான் சொன்னார்கள், எனக்கு ஆசையாகவும் இருந்தது. அத்தை கொல்லைப்புறப் பொடக்காலியில் இருந்து எழுந்து வரவேயில்லை, அங்கிருந்தபடியே, "அது விக்கறதுக்கு இல்லைங்க சாமி" என்றார். அதோடு சரி. கல் இங்கேயேதான் இருக்கிறது. ஒடிசாக்காரப் பெண்ணிடம் மாவாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன் என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஒடியா தெரியாது.

செவ்வாய், வெள்ளியில் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது என்பதும் அத்தையின் சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை பணத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினோம், அவர் சனிக்கிழமை வரவில்லை. அரிவாள்மனையைச் சும்மா கொடுக்கக் கூடாது என்று ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளச் சொன்னார். மாட்டை விற்ற அன்றைக்கும் அப்படித்தான். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு வந்தார், பழைய கயிறு எங்களுக்கு. இரண்டாவது மாடியில் வாடகைக்குப் போகிற எங்களுக்கு மாட்டுக் கயிறு எதற்கு என்று பாப்பா கேட்டதற்குக் "கொடி கட்டு" என்றார். மாடு போகும்போது பெரிதாக அழுதது நான்தான். அத்தைக்குக் கோபம் குட்டையின் மேல். பவானியில் உபரியாக வருகிற தண்ணீரை பம்ப் பண்ணி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கிற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக இந்தப் பக்கம் எத்தனை உண்ணாவிரதம், எத்தனை ஊர்வலம். ஒரு வழியாக 2024 ஆகஸ்டில் தொடங்கினார்கள். "தண்ணி வந்தப்பறம் மாட்டை விக்கற குடும்பம் நம்மளுதுதான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

விலை பேசி வாங்கிப் போனவர்களிடம் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அடித்துப் பேசி, ஐம்பது ரூபாய் குறைத்து, தூக்கிக்கொண்டு போகும்போது இன்னும் ஒரு கரண்டியைச் சும்மா கேட்டு வாங்கிப் போனவர்கள்தான் என்னை நன்றாக வைத்திருந்தார்கள். பேரம் பேசுகிற வரைக்கும், நாளைக்கும் இதே ஊரில் இருக்கப் போகிற மாதிரிதான் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா அப்படிச் செய்யவில்லை. எங்களிடம் சந்தகை, அதாவது சேவை, பிழிகிற இரும்பு முக்காலி ஒன்று உண்டு, பிடியைச் சுற்றி அழுத்துகிற பழைய காலத்துச் சாமான். எனக்குத் தெரிந்து அது எங்கள் வீட்டில் இருந்த நாளை விட அக்கா வீட்டில் இருந்த நாள்தான் அதிகம். உறம்பரை வந்தால் அக்காவுக்குச் சந்தகைதான், தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி எங்களுக்கும் ஒரு போசியில் வந்துவிடும். அக்கா வந்து, "அம்மிணி, அது என்ன விலை?" என்றார். நான் ஐந்நூறு என்றேன். முந்நூறுக்குக் கேட்பார், இருநூறுக்கே கொடுத்துவிடலாம், அந்தச் சாக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். அக்கா முந்தானையை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, முக்காலியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாளை என்னால் தொட முடியவில்லை. பாப்பாதான் எடுத்து டப்பாவில் போட்டாள்.

எங்கள் தறியில் ராத்திரி ஷிப்ட் ஓட்டின அண்ணன் ஒருத்தர், குடோன் காலியான அன்றைக்குச் சாயங்காலம் வந்தார். ஒரு நாடா வேண்டும் என்றார், தறியில் ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற கட்டை. கூடையில் கிடந்ததில் தேடி, முனை தேயாத ஒன்றை எடுத்துக்கொண்டு நூறு ரூபாய் நீட்டினார். எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், அவர் விடவில்லை. இரண்டு பேரும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் கத்திக்கொண்டார்கள். பணத்தைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு அண்ணன் சைக்கிளை எடுத்தார். இப்போது அவர் பக்கத்து ஊரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறார், நாடாவை வைத்து என்ன செய்வார் என்று நாங்கள் கேட்கவில்லை.

போன மாதமே கிளம்பியிருக்க வேண்டியது. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள். காப்புக் கட்டின பிறகு ஊரை விட்டு வெளியே ராத்தங்கக் கூடாது, குடிபோவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சரி, மஞ்சத்தண்ணி முடியட்டும் என்று இருந்தோம். அதற்குள் வீட்டுக்கு வீடு விருந்து. கோழிக் குழம்பு, ஒப்புட்டு, பச்சைப்புளி ரசம். கிளம்பும்போது கையில் செக்கு தேங்காயெண்ணெய் ஒரு கேன் கொடுக்காமல் யாரும் அனுப்புவதில்லை. ஓசூரில் எண்ணெயே கிடைக்காது என்று ஒரு நம்பிக்கை. விற்று முடித்த வீட்டில் இப்போது வரிசையாக எண்ணெய்க் கேன்தான் நிற்கிறது.

லாரி நேற்றுத்தான் பேசினோம். டிரைவர் நம்ம ஊர்த் தம்பி. சேலம், தர்மபுரி வழியாகப் போய் இறக்கிவிட்டு வர வாடகை சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் உடனே சரி என்று தலையாட்டினார். நான் விடவில்லை. டீசல் என்ன, டோல் என்ன, திரும்பி வரும்போது லோடு கிடைக்காதா என்று அரை மணி நேரம் பிடித்து ஆயிரம் ரூபாய் குறைத்தேன். "இத்தனை பேச்சு பேசறவங்க இந்த ஊர்ல வேற யாருங்க இருக்கறாங்க" என்று தம்பி தலையைச் சொறிந்தார். எண்ணெய்க் கேனுக்குத் தனியாக வாடகை கேட்பேன் என்றும் சொன்னார். அதையும் பேசிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வண்டியைக் கொண்டு வரட்டும்.