ஆடு பெற்றவரின் பெயர்

கல்வெட்டைப் படியெடுக்கும்போது அவசரப்படக் கூடாது. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடிக்க வேண்டும். ஈரம் வற்றிவரும் பதத்தில் மையை ஒற்றினால், கறுப்புப் பரப்பில் எழுத்து வெள்ளையாக எழும்பும். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்த ராஜா காலத்துது சார்?" சோழர் கல்வெட்டு என்றால், பெரும்பாலும் அரசன் புகழைச் சொல்லும் தொடக்க வரிகளான மெய்க்கீர்த்தியிலும் ஆட்சியாண்டிலும் அதற்கு விடை கிடைத்துவிடும். என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பவை அதற்குக் கீழே வரும் வரிகள்.

தஞ்சைப் பெரிய கோயிலில், தன் 26-ஆம் ஆட்சியாண்டில், தான் கொடுத்தவை, அக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்த ஆணைப்படி அது கொடுத்தவர்களின் பதிவேடு. கொடுக்க எதுவும் இல்லாதவர் அதற்குள் எப்படி வருவார்?

கணக்கின் வழியாக வருகிறார். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றவர் தினமும் உழக்கு என்ற பழைய அளவில் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். நெய் நின்றுவிட்டால் யாரைக் கேட்பது? அதற்காக இடையர்களின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டன. அவர்களை நினைவில் நிறுத்த வேண்டும் என்று அன்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளும், அதாவது கோயில் பணிப் பெண்களும், இப்படித்தான் கல்லில் ஏறினார்கள்: எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். விரும்பி வந்தார்களா என்பது மட்டும் அதில் இல்லை. அந்தப் பெயர் வரிசையை ஒரே மூச்சில் படித்துக்கொண்டு போக என்னால் முடிந்ததில்லை.

தெரிந்தே சாட்சி சொல்பவர்கள் உண்டு, அறியாமலே சாட்சியாகிறவர்களும் உண்டு என்று பிரித்தார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மார்க் ப்ளோக். மெய்க்கீர்த்தி முதல் வகை. நெய்க் கணக்கு இரண்டாவது. நான் அதிகம் நம்புவது அதைத்தான். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா திருச்சி அருகே அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்துக்கொண்டு, நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்டார். அல்லூரில் ஊராரின் பொதுவுடைமை, பிராமணர் ஊரான ஈசானமங்கலத்தில் தனியுடைமை என்ற முடிவுக்கு வந்தார். கொடையைப் பதிவு செய்ய வெட்டிய கற்கள்தான் அவை. கேள்வி மாறியதும் வேறொன்றைச் சொல்லின.

"கல்லிலேயே இருக்கிறது, அப்புறம் என்ன?" என்பவர்களோடும், "எல்லாம் அரசன் புகழ்" என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஊர்ப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை மக்களாட்சியின் சான்றாகக் கொண்டாடுகிறோம். சொந்த நிலம் இல்லாதவர் பெயரை அந்தக் குடத்தில் போட முடியாது என்று சொல்வதும் அதே கல்வெட்டுதான். 919-இல் வகுத்த விதியை 921-இல் ஊர்ச் சபையார் திருத்துகிறார்கள். வாரியம் என்ற ஊர்க் குழுவில் உறுப்பினராக இருந்தும் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்கிறார்கள். யாரோ கணக்குக் காட்டாமல் இருந்ததால்தான் இவ்வளவு கறார் வந்தது என்று நினைக்கிறேன். அது என் ஊகம். விதி நடைமுறையில் இருந்ததா என்பதைக்கூட விதியை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதனால் அதே ஊரின் மற்றக் கல்வெட்டுகளில் நில விற்பனை, வரி, குளம் பற்றிய வரிகளை இப்போது ஒவ்வொன்றாகப் படித்துவருகிறேன்.