நடு ஹாலில் ஒரு மோட்டார்

ஜூலை 8, திங்கள், இரவு 2.10

பித்தளைச் செம்புக்குள் யாரோ புளியங்கொட்டையைப் போட்டு உருட்டுவது போன்ற சத்தம். மீன் தொட்டியின் ஃபில்டரிலிருந்துதான் வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் ஹாலில்தான் படுக்கிறாள். தலைமாட்டிலிருந்து தொட்டி நான்கடி தூரம்கூட இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டேன். வீடு சட்டென்று அடங்கியது. அவள் புரண்டு படுத்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது மூன்று தங்கமீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. இரண்டடித் தொட்டியில், 54 லிட்டர் கூடப் பிடிக்காத தண்ணீரில், இவ்வளவு பெரிய மூன்று மீன்களை வைத்திருப்பதே தவறு. அதில் இரவெல்லாம் நீரோட்டத்தையும் நிறுத்தியது அதைவிடத் தவறு. ஃபில்டரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் மீன் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஓட்டம் நின்றால் அவையும் மூச்சுமுட்டிச் சாகும். இனி இரவில் அணைப்பதில்லை.

லேபிலிருந்து அழைப்பு இல்லை.

ஜூலை 10, புதன்

பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு ஃபில்டரை வெளியே எடுத்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் காட்டவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அப்படிச் செய்து, குழாய்த் தண்ணீரின் குளோரினில் அந்த நுண்ணுயிர்கள் அத்தனையும் அழிந்து, ஒரே வாரத்தில் இரண்டு மீன்களைப் பறிகொடுத்திருக்கிறேன். தொட்டித் தண்ணீரையே ஒரு மக்கில் மொண்டு, அதில் மூன்று முறை பிழிந்தேன். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது.

அடுத்து இம்பெல்லர், காந்தத்தோடு சுழன்று தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி. விரல் நகத்தால் மூடியை நெம்பி, காந்தத்தோடு சேர்த்து இழுத்தால் பிசுக்கென்று வருகிறது. காந்தத்தைச் சுற்றி வழவழவென்று பாசி. அது உட்காரும் குழியின் அடியில், கடுகளவில், ஒரு நத்தை ஓடு. புளியங்கொட்டை அகப்பட்டுவிட்டது என்று அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, "இதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றாள்.

எல்லாவற்றையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, சிங்க்கில் அலசி, திரும்பப் பூட்டினேன். முதலில் கொடகொடவென்றது, உள்ளே சிக்கியிருந்த காற்றுதான். தண்ணீருக்குள்ளேயே சாய்த்துப் பிடித்ததும் குமிழ்களாக வெளியேறியது. உருட்டல் சத்தம் அறவே நின்றது.

இரவு 11.40. இப்போது வேறொரு சத்தம். ரீங்காரம்.

ஜூலை 11, வியாழன்

தூக்கமில்லை. கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன், பிறகு மர ஸ்டாண்டில், பிறகு சுவரில். ஸ்டாண்டில்தான் அதிகம். ஃபில்டரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிக்கும் நான்கு ரப்பர் கிண்ணிகளில் இரண்டு இறுகிப்போய் ஒட்டாமல் நிற்கின்றன. அதனால் மோட்டாரின் உடம்பு நேராகக் கண்ணாடியில் இடித்து, அதன் அதிர்வைத் தொட்டி முழுவதும் வாங்கிக்கொள்கிறது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன். சாயம் தண்ணீரில் இறங்கினால் என்ன செய்வது என்று தோன்றவே விட்டுவிட்டு, புது ஸ்பாஞ்சில் ஒரு துண்டை நறுக்கி வைத்தேன். பாதி அடங்கியது. பாதி அடங்கவில்லை.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதற்கு இணங்க இவ்வகைச் சிறு மோட்டாரின் காந்தம் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் முறை. அத்தனை முறை சுற்றுகிற ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பிசகு இருந்தாலும் அது எப்படிச் சும்மா இருக்கும்? இதை அதிகாலை மூன்று மணிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "ஏங்க, அந்தச் சத்தத்துல நான் தூங்கிடுவேன். நீங்க எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கிறதுலதான் முழிப்பு வருது."

ஜூலை 12, வெள்ளி

அழைத்தேன். இன்னும் வரவில்லையாம்.

ஜூலை 14, ஞாயிறு

அவளுடைய அக்கா வந்து உடன் இருந்ததால் கொளத்தூர் வரை போய்வர முடிந்தது. தெரு நெடுகக் காற்று நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் தொங்குகின்றன; வேறு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். ஒரு கடையில் ஃபில்டரைக் கொடுத்தேன். கடைக்காரர் இம்பெல்லரை உருவி, அதன் எஃகுத் தண்டை நகத்தால் தடவிப் பார்த்தார். தேய்மானம் இல்லை என்றார். குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், தண்டோட அடிமுனையில ஒரு ரப்பர் இருக்குமே, அது எங்க?" என்றார்.

தண்டின் இரு முனையிலும் மிளகைவிடச் சற்றுப் பெரிய ரப்பர்த் தொப்பி ஒன்று உண்டு. தண்டு ஆடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். மேல் தொப்பி இருக்கிறது. கீழ்த் தொப்பியைப் புதன்கிழமை சிங்க்கில் நானே அலசி அனுப்பியிருக்கிறேன். நத்தையைக் கண்ட பெருமையில் கவனிக்கவில்லை.

காற்று மோட்டாரும் ஸ்பாஞ்சு ஃபில்டரும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அந்த மோட்டாரும் இரையும். போதாததற்கு அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்காவிட்டால், மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் ஏறிவிடும். வேண்டாம் என்றேன். பழைய ஃபில்டர் ஒன்றிலிருந்து ரப்பரைக் கழற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் மூன்று நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

பொருந்திவிட்டது. ரீங்காரம் இல்லை. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து கேட்டேன். தண்ணீர் விழும் சலசலப்பு மட்டும் இருந்தது. அதுவும் மட்டம் இரண்டு விரற்கடை குறைந்திருப்பதால்தான். நேற்றே வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீர் இருக்கிறது.

மாலையில் அழைத்தார்கள். ஃபோனில் சொல்லமாட்டார்களாம், இருவரும் நேரில் வர வேண்டுமாம்.

ஜூலை 16, செவ்வாய்

பத்து மணிக்கு. வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டேன், சலசலப்பும் நின்றது. அவள் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஆட்டோ கீழே வந்து