அழகான அட்டவணையை உடைத்துப் போட்ட அனுபவம்

போன மாதம் ஒரு எக்செல் ஷீட் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு வருடத்துப் புகார்க் கணக்கு. இடப்பக்கம் 8 துறைகள், ஒவ்வொன்றுக்கும் 5 வகைப் புகார், ஆக 40 வரிசை. மேலே 12 மாதம், ஒவ்வொரு மாதத்துக்கும் அடியில் ‘வந்தவை’, ‘தீர்ந்தவை’ என்று இரண்டு நெடுவரிசை. பிரிண்ட் எடுத்து ஒட்டினால் லட்சணமாக இருக்கும். ஆனால் எந்த வகைப் புகார் எந்தக் காலாண்டில் தேங்குகிறது என்று கேட்டால் வாயைத் திறக்காது.

அப்படியே பிவட் டேபிளில் (தரவை வேண்டியபடி தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் வசதி) போட்டேன், ஃபீல்டு, அதாவது நெடுவரிசை, பெயர் சரியில்லை என்று மறுத்துவிட்டது. மாதப் பெயர் இரண்டு செல்லுக்கும் சேர்த்து மெர்ஜ் செய்யப்பட்டிருந்ததால் இரண்டாவது செல் உண்மையில் காலி, தலைப்பு காலியாக இருந்தால் பிவட் ஏற்காது. சரி என்று 24 தலைப்பையும் கையால் அடித்தேன். இப்போது 24 தனித்தனி ஃபீல்டு வந்தது, ‘மாதம்’ என்று ஒன்று கூட இல்லை. போதாததற்கு ஒவ்வொரு துறைக்கும் கீழே ‘மொத்தம்’ வரிசை இருந்ததால் கூட்டுத்தொகை அச்சாக இரண்டு மடங்கு.

அப்போதுதான் உறைத்தது. மாதம் என்பதும் ஒரு தகவல்தான், அது தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கீழே இறக்கி துறை, வகை, மாதம், எண்ணிக்கை என்று நீளவாக்கில் அடுக்கினால்தான் பிவட்டுக்குப் பிடி கிடைக்கும்.

கையால் வெட்டி ஒட்டினால் 960 எண்கள், எங்காவது ஒன்று இடம் மாறினால் தெரியவே தெரியாது. அதனால் பவர் குவெரிக்குப் போனேன் (தரவை இழுத்துத் திருத்தி அடுக்கும் கருவி, எக்செல் 2016 முதல் ‘டேட்டா’ டேபுக்குள்ளேயே இருக்கிறது, பைத்தான் நிரல்மொழியின் பாண்டாஸ் தெரிந்தவர்களுக்கு ‘மெல்ட்’ இதே வேலையைச் செய்யும்). இரண்டு அடுக்குத் தலைப்புதான் படுத்தி எடுத்தது. முதல் வரிசையைத் தலைப்பாக மாற்றாமல் ஷீட்டை உள்ளே இழுத்து டிரான்ஸ்போஸ் (வரிசையை நெடுவரிசையாகத் திருப்புவது) செய்ய வேண்டும், தலைப்பாக மாற்றிவிட்டால் டிரான்ஸ்போஸ் அந்தப் பெயர்களைத் தொலைத்துவிடும், நான் இரண்டு முறை தொலைத்தேன். திருப்பிப் போட்டதும் மாதப் பெயர்கள் ஒரு நெடுவரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று காலியாக நிற்கும். அங்கே ஃபில் டவுன் (மேலே உள்ளதைக் கீழே உள்ள காலி இடத்தில் நிரப்புவது), பிறகு பக்கத்து நெடுவரிசையோடு நடுவில் ஒரு கோடு வைத்து இணைப்பு, மறுபடி டிரான்ஸ்போஸ், இப்போது முதல் வரிசையைத் தலைப்பாக்கலாம். துறைப் பெயருக்கும் ஒரு ஃபில் டவுன், ‘மொத்தம்’ வரிசைகளை வடிகட்டி வெளியே தள்ளியாயிற்று. அப்புறம் துறை, வகை இரண்டையும் தேர்ந்தெடுத்து ‘அன்பிவட் அதர் காலம்ஸ்’, அதாவது மற்ற நெடுவரிசைகளை எல்லாம் வரிசைகளாகக் கீழே இறக்குவது. மாத நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுத்தும் செய்யலாம்தான், ஆனால் ‘அதர்’ என்று கொடுத்தால் அடுத்து வரும் மாதங்களும் தானாகச் சேர்ந்துகொள்ளும். கடைசியாக அந்தக் கோட்டை வைத்து மாதத்தையும் ‘வந்தவை / தீர்ந்தவை’யையும் தனியாகப் பிரித்தேன்.

960 வர வேண்டும். வந்தது 913.

ஒரு மணி நேரம் தேடினேன். காலிச் செல்களை அன்பிவட் சத்தமில்லாமல் உதறிவிடுகிறது என்பது அதன் பிறகுதான் புரிந்தது. 47 காலிச் செல். எல்லாவற்றிலும் 0 போட்டுவிடலாம் என்று கை போனது, நல்லவேளை, துறைகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். 27 செல்லில் நிஜமாகவே எதுவும் இல்லை, பூஜ்யத்தை அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். மீதி 20-ம் ஒரே துறை, அது இரண்டு மாதம் கணக்கே அனுப்பவில்லை. முன்னதை விட்டால் சராசரி ஏறிவிடும், பின்னதில் 0 போட்டால் இறங்கிவிடும். அதனால் மூல ஷீட்டில் 27 இடத்தில் மட்டும் 0 அடித்து ரிஃப்ரெஷ் கொடுத்தேன். 940.

பிறகு ‘வந்தவை’, ‘தீர்ந்தவை’ இரண்டையும் மறுபடி பக்கம் பக்கமாக நிறுத்தி (அன்பிவட்டுக்கு நேர்மாறான ‘பிவட் காலம்’, கூட்ட வேண்டாம் என்ற தேர்வோடு) 470 வரிசையாக்கினேன், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தேக்கம். கேட்ட காலாண்டுக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

கணக்கு அனுப்பாத அந்தத் துறையைத்தான் பழைய அட்டவணையின் அடியில் ‘மிகக் குறைந்த புகார்’ என்று பச்சை நிறம் பூசி வைத்திருந்தார்கள்.